அப்ரஹாம் பொஸ்: அமிலத்துக்கு அளவு வைத்த செதுக்கோவியர்

1645-இல் பாரிஸில் ஒரு சிறிய புத்தகம் வெளிவந்தது. சேன் ஆற்றின் நடுவிலுள்ள தீவில் இருந்த தன் வீட்டிலிருந்தே ஆசிரியர் அதை விற்றார். செப்புத் தகட்டில் படம் வெட்டி, அதிலிருந்து தாளில் அச்செடுப்பது எப்படி என்பதுதான் பொருள். வார்னிஷுக்குக் கீல் எத்தனை அவுன்ஸ், எண்ணெய் எத்தனை அவுன்ஸ், அமிலப் பானையில் எது எவ்வளவு, ஊசி முனையை எந்தச் சாய்வில் தீட்டுவது, அச்சு யந்திரத்தின் உருளைகள் எப்படி அமைய வேண்டும் என்று எல்லாமே அதில் இருந்தது. அதுவரை பட்டறைக்குள் ஆசானிடமிருந்து சீடனுக்குக் கைவழியாகவே போய்க்கொண்டிருந்த தொழில் இது. அந்தத் தொழிலுக்கென்றே முழுமையாக எழுதப்பட்ட முதல் கைநூல் இதுதான். எழுதியவர் அப்ரஹாம் பொஸ். ஏறக்குறைய 1,500 படங்களை விட்டுச்சென்றவர். 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மக்கள் எப்படி உடுத்தினார்கள், எந்தக் கட்டிலில் படுத்தார்கள், சமையல்கட்டில் என்ன வைத்திருந்தார்கள் என்று அறிய இன்றும் வரலாற்றாளர்கள் புரட்டுவது இவர் படங்களைத்தான்.

ஆனால் அவரை வெறும் காட்சிப் பதிவாளராகப் பார்ப்பது போதாது. கைப்பழக்கத்தில் ஒளிந்திருப்பதை அளவாகவும் விதியாகவும் வெளியே எடுத்து எழுத முடியும் என்று பொஸ் உறுதியாக நம்பினார். அவருடைய சாதனையும் கடைசியில் அவருக்கு நேர்ந்த அவமானமும் இந்த ஒரே நம்பிக்கையிலிருந்து வந்தவை.

உளியும் அமிலமும்

செப்புத் தகட்டு அச்சில் கோடு என்பது குழி. தகடு முழுவதும் மை பூசி மேற்பரப்பைத் துடைத்தால், குழிக்குள் மட்டும் மை நிற்கும். ஈரத்தாளை மேலே வைத்து அழுத்தும்போது அந்த மை தாளுக்கு ஏறும். குழி ஆழமாக இருந்தால் கோடு கருக்கும். ஆழம் குறைந்தால் சாம்பல் நிறமாகும். இந்தக் குழியை வெட்ட அன்று இரண்டு வழிகள் இருந்தன.

முதலாவது பியூரின் என்ற உளி. சதுர எஃகுக் கம்பியின் முனையைச் சாய்வாகத் தீட்டி, காளான் குடை போன்ற மரப்பிடியில் பொருத்தியிருப்பார்கள். பிடி உள்ளங்கையில் அடங்கும். மணல் நிரப்பிய தோல் திண்டின் மேல் தகட்டை வைத்து, வலது கையால் உளியைத் தள்ளிக்கொண்டே இடது கையால் தகட்டைச் சுழற்ற வேண்டும். வளைவுக் கோட்டுக்கு உளி வளைவதில்லை, தகடுதான் வளைந்து வரும். அழுத்தத்தைக் கூட்டினால் கோடு ஆழமாகவும் அகலமாகவும் ஆகும். தளர்த்தினால் மயிரிழையாக மெலிந்து முடியும். தொடக்கத்தில் ஊசிமுனை, நடுவில் புடைப்பு, இறுதியில் மீண்டும் ஊசிமுனை. இந்தக் கோட்டுக்குத்தான் மதிப்பு இருந்தது. ஆனால் கை அதற்குப் பழகப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு பெரிய தகட்டை முடிக்க மாதக்கணக்கில் உட்கார வேண்டும்.

இரண்டாவது எட்சிங். தகட்டின் மேல் அமிலம் அரிக்காத வார்னிஷைப் பூசி, ஊசியால் அந்த வார்னிஷை மட்டும் கீறி, அமிலத்தை ஊற்றுவது. கீறிய இடத்தில் செம்பு வெளியே தெரிவதால் அங்கே மட்டும் அரிக்கும். படம் வரையத் தெரிந்தவர் எவரும் செய்யலாம், வேகமும் அதிகம். குறை என்னவென்றால், கோடு இரு முனையிலும் ஒரே அகலத்தில் மொட்டையாக நிற்கும். ஓரங்கள் பிசிறாக இருக்கும். பார்த்தவுடன் 'இது அமில வேலை' என்று சொல்லிவிடலாம்.

அமிலக் கோட்டை உளிக்கோடு போலவே தோன்ற வைக்க வேண்டும் என்பதே பொஸ் தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு. அதை அவர் நூலில் மறைக்கவில்லை. அமிலக் கோட்டின் இயல்பான தளர்ச்சியையும் துடிப்பையும் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் தகடுகளில் ரசித்துப் பழகிய இன்றைய கண்ணுக்கு இந்த இலக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் 1640-களின் பாரிஸ் சந்தையில், உளியின் தெளிவை அமிலத்தின் வேகத்தில் தர முடிந்தவருக்கு வேலை ஓயாது.

தையற்காரர் மகன்

பொஸ் பிறந்தது பிரான்சின் தூர் நகரில், 1602-க்கும் 1604-க்கும் இடையில். தந்தை தையற்காரர். அவர் படங்களில் சரிகை எந்த மடிப்பில் விழுகிறது, எந்தத் துணி விறைத்து நிற்கிறது, எது தொய்கிறது என்பதெல்லாம் பிசகில்லாமல் இருப்பதைப் பார்க்கும்போது, இந்தப் பிறப்புக்கும் அதில் பங்குண்டு என்றே நினைக்கத் தோன்றுகிறது. குடும்பம் கால்வின் வழிப் புரட்டஸ்தாந்தம். கத்தோலிக்க நாட்டில் சிறுபான்மையாக வாழ்ந்தும் அவர் கடைசிவரை தன் சமயத்தை விடவில்லை.

1620 வாக்கில் பாரிஸில் மெல்கியோர் தவெர்னியே என்ற செதுக்கோவியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். தவெர்னியே குடும்பம் பிளாண்டர்ஸிலிருந்து வந்தது, அவர்களும் புரட்டஸ்தாந்தர்கள். பட்டறை, பதிப்பு, விற்பனை மூன்றும் அங்கே கலந்தே நடந்தன. 1632-இல் தூருக்குத் திரும்பிப்போய் கத்ரீன் சராபாவை மணந்தார்.

அவருடைய தொழிலைத் திருப்பிய சந்திப்பு ழாக் கலோ என்ற செதுக்கோவியருடன் நடந்தது. லொரேன் நாட்டின் நான்சி நகரத்தவரான கலோ, லா ரொஷேல் துறைமுக நகரின் முற்றுகையைப் பெரிய தகடுகளில் சித்திரிக்கும் அரச வேலைக்காக 1629-இல் பாரிஸ் வந்திருந்தார். இத்தாலியில் இருந்த காலத்தில் அவர் இரண்டு விஷயங்களைக் கைப்படுத்தியிருந்தார். ஒன்று, வீணை போன்ற நரம்புக் கருவிகள் செய்யும் தச்சர்கள் பயன்படுத்திய, ஆளிவிதை எண்ணெயும் மாஸ்டிக் பிசினும் சேர்ந்த கடின வார்னிஷ். மற்றது எஷோப் என்ற சாய்முனை ஊசி. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். மெழுகு கலந்த மென் வார்னிஷில் சாய்முனை ஊசியை அழுத்தித் திருப்பினால் ஓரம் குழைந்து நகரும். கடின வார்னிஷோ கண்ணாடிபோல் வெட்டுப்படும். கோட்டின் ஓரம் கத்தியால் நறுக்கியது போல நிற்கும். கலோ இதைக் கையால் செய்தார். பொஸ் அதைச் செய்ததோடு எழுதியும் வைத்தார்.

தகடு தயாராவது

பித்தளை வேண்டாம், சிவந்த செம்பே வேண்டும் என்பது பொஸின் முதல் விதி. செம்பிலும் மிக மென்மையானது கோட்டைத் தாங்காது. மிகக் கடினமானது உளிமுனையை முறிக்கும். தகட்டை நெருப்பில்லாமல் குளிர்ந்த நிலையிலேயே சுத்தியலால் தட்டி இறுக்குவார்கள். அப்படித் தட்டாத செம்பில் நுண்துளைகள் இருக்கும்; அமிலம் அவற்றுக்குள் புகுந்து கோடில்லாத இடத்திலும் புள்ளி விழவைக்கும். பிறகு மணற்கல்லும் தண்ணீரும், அடுத்து நுரைக்கல், அடுத்து மென்மையான சாணைக்கல், அதற்குப் பின் கரித்துண்டு என்று படிப்படியாக வழவழப்பாக்க வேண்டும். முந்தைய கல் விட்ட கீறலை அடுத்த கல் முழுவதும் எடுத்துவிட்டதா என்று பார்த்த பிறகே அடுத்த படி. ஒரு கீறல் தப்பினாலும் அது மையைப் பிடித்துக்கொண்டு வானத்தின் நடுவே கோடாக அச்சாகும். கடைசியில் எஃகு மெருகுக்கோலால் எண்ணெய் விட்டுத் தேய்ப்பார்கள்.

பொஸ் தரும் கடின வார்னிஷின் அளவு: கிரேக்கக் கீல் 5 அவுன்ஸ், கொலோபனி ரோசனம் (பைன் மரப் பிசினிலிருந்து எடுப்பது) 5 அவுன்ஸ், நல்ல வால்நட் எண்ணெய் 4 அவுன்ஸ். அன்றைய பாரிஸ் அவுன்ஸ் 30.6 கிராம். அதாவது கீலும் ரோசனமும் தலா 153 கிராம், எண்ணெய் 122 கிராம். கிரேக்கக் கீல் கிடைக்காவிட்டால் பர்கண்டிக் கீலும், வால்நட் எண்ணெய் இல்லாவிட்டால் ஆளிவிதை எண்ணெயும் போதும். மெருகிட்ட புதிய மண்சட்டியில், மிதமான தீயில் கீலையும் ரோசனத்தையும் உருக்கி, நன்றாகக் கலந்த பிறகே எண்ணெயை ஊற்ற வேண்டும். அரைமணி நேரம் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். விரலில் தொட்டு இழுத்தால் பாகு கம்பிப்பதத்தில் இழையோடுவது போல இழையோட வேண்டும், அதுதான் பதம். சற்று ஆறியதும் புதுத்துணியில் வடித்துக் குப்பியில் அடைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. எண்ணெய் ஏன் வேண்டும் என்பதைக் கவனித்தால் கலவை புரியும். ரோசனம் தனியாக இருந்தால் உலர்ந்ததும் நொறுங்கும். சூட்டில் இறுகும் எண்ணெய், அதற்குள் ஒரு வலைபோல் ஓடி அதைச் சேர்த்துப் பிடிக்கிறது.

பூசும் முறை இப்படி. கணப்புச் சட்டியின் மேல் தகட்டை இளஞ்சூடாக்கி, வார்னிஷைச் சிறு சிறு பொட்டுகளாக இடைவெளி விட்டு வைத்து, உள்ளங்கையின் சதைப்பகுதியால் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். கை வியர்க்கக் கூடாது. வியர்த்த இடத்தில் வார்னிஷ் ஒட்டாமல் பின்னால் தோலாக உரியும். பூச்சு எவ்வளவு மெலிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பிறகு தகட்டின் முகத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து, கொழுப்பு மெழுகுவத்தியின் சுடரால் புகையேற்றிக் கறுப்பாக்குவார்கள். திரி வார்னிஷில் படக் கூடாது. கறுப்புப் பரப்பில் ஊசி கீறும்போது செம்பு பளிச்சென்று தெரியும், அதற்காகத்தான் இந்தப் புகை.

அடுத்தது சுடுவது. வேலை தவறுவது பெரும்பாலும் இங்கேதான். தகட்டைவிடச் சற்று அகலமாகக் கரிநெருப்பைப் பரப்பி, நடுவில் குறைத்து ஓரங்களில் கூட்டி வைக்க வேண்டும், ஏனென்றால் ஓரம் விரைவில் ஆறிவிடும். தகட்டை மேலே உயர்த்தி வைத்தால் சிறிது நேரத்தில் வார்னிஷ் புகையும். புகை அடங்கியதும் ஒரு குச்சியால் ஓரத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். வார்னிஷ் குச்சியோடு ஒட்டி வந்தால் இன்னும் வேகவில்லை; ஒட்டாமல் இறுகி நின்றால் உடனே இறக்கிவிட வேண்டும். வேகாத வார்னிஷ் ஊசியோடு இழுபட்டுக் கோட்டைக் குழப்பும். அதிகம் வெந்தது, கோடுகள் குறுக்குமறுக்காகப் பின்னும் இடங்களில் சிறு சதுரங்களாகப் பொரிந்து உதிரும். அமிலம் அந்த இடத்தை மொத்தமாகத் தின்று ஒரு கரும்புள்ளியாக்கிவிடும். ஆறும்வரை தூசு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூசு விழுந்த இடம் ஒவ்வொன்றும் ஒரு துளை.

வரைபடத்தைத் தகட்டுக்கு மாற்ற, தாளின் முதுகில் செங்காவிக் கட்டியைத் தேய்த்து, தகட்டின் மேல் பரப்பி, மொட்டை ஊசியால் கோடுகளின் மேல் ஓட்டுவார்கள். கறுப்பு வார்னிஷில் சிவப்புக் கோடுகள் விழும். அச்சில் இடம் வலமாகும் என்பதால், தகட்டில் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்க வேண்டும். தாளுக்கு எண்ணெய் பூசி ஊடுருவித் தெரியவைத்து, பின்பக்கத்திலிருந்து கோடு எடுத்தால் அது நடந்துவிடும்.

சாய்முனை ஊசி

தையல் ஊசிகள் உடைந்தால் பொஸ் அவற்றை எறியவில்லை. பல தடிமன்களில் உடைந்த ஊசிகளை எடுத்து மரப்பிடிகளில் பொருத்தினார். சிலவற்றின் முனையை வட்டமாகக் கூர்தீட்டினால் சாதாரண ஊசி. சிலவற்றைச் சாணைக்கல்லில் ஒரே பக்கமாகச் சாய்த்துத் தேய்த்தால், வெட்டுமுகம் நீண்ட முட்டை வடிவமாகும். அதுதான் எஷோப். ஊசி எவ்வளவு தடிமனோ, எவ்வளவு சாய்த்துத் தேய்த்தோமோ, அதைப் பொறுத்து முட்டையின் நீளம்.

வேலை நடப்பது இந்த முகத்தில்தான். முனையை மட்டும் தொட்டபடி மெல்ல இழுத்தால் மயிரிழை. இழுத்துக்கொண்டே கையைத் தாழ்த்தி, முட்டைமுகத்தின் அகலப் பக்கத்தைக் கொண்டு வந்து அழுத்தினால் கோடு புடைக்கும். மீண்டும் கையை உயர்த்தி விரல்களுக்கிடையே ஊசியைத் திருப்பினால் மெலிந்து முடியும். பியூரின் உளி ஆழத்தால் செய்வதை எஷோப் அகலத்தால் செய்கிறது. இந்த வேறுபாடுதான் அதன் எல்லையும். எஷோப் கோட்டின் அகலம் மாறுகிறதே தவிர, ஒரே ஊற்றலில் அமிலம் தோண்டும் ஆழம் கோடு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் மெலிந்த முனைகூட அகலத்துக்கு மீறிக் கறுத்து நிற்கும். பொஸுக்கு இது தெரியும். அமில வேலை முடிந்த பிறகு பியூரின் உளியை எடுத்து முனைகளைத் தொட்டு நீட்டிவிடுவதும், முகம் போன்ற நுண்ணிய இடங்களைத் திருத்துவதும் அவர் வழக்கம். அவருடைய நல்ல அச்சுப்படி ஒன்றைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், புடைத்த கோடு திடீரென்று ஒரு கூர்மையான வாலாக மாறுவது தெரியும். அங்கே கருவி மாறியிருக்கிறது.

நான்கு சரக்குப் பானை

கடின வார்னிஷுக்குரிய அரிநீரின் அளவு: நல்ல வெள்ளை வினிகர் 3 பைந்த் (பழைய பிரெஞ்சு முகத்தல் அளவு), நவச்சாரம் 6 அவுன்ஸ், சாதாரண உப்பு 6 அவுன்ஸ், செம்புக் களிம்பு 4 அவுன்ஸ். இன்றைய கணக்கில் வினிகர் 2.8 லிட்டர், நவச்சாரமும் உப்பும் தலா 184 கிராம், களிம்பு 122 கிராம். மெருகிட்ட மண்பானையில் மூடிவைத்து, இரண்டு மூன்று கொதி வரவிட்டு, ஆறவைத்து, ஒன்றிரண்டு நாள் தெளியவிட வேண்டும். வேகம் அதிகமென்றால் இன்னும் கொஞ்சம் வினிகர்.

பொன்னைப் பிரித்தெடுப்பவர்கள் பயன்படுத்திய, வெடியுப்பிலிருந்து வடித்த நைட்ரிக் அமிலம் பாரிஸில் கிடைக்காமல் இல்லை. மென் வார்னிஷுக்கு அதைத்தான் பொஸும் சொல்கிறார். கடின வார்னிஷுக்கு அதைத் தள்ளிவைத்ததற்குக் காரணம் உண்டு. நைட்ரிக் அமிலம் செம்பைத் தின்னும்போது வாயு வெளிவரும். குமிழிகள் கோட்டுக்குள் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தில் அரிப்பைத் தடுக்கும். கோடு பிசிறாகும், சூடேறும், வார்னிஷின் ஓரம் தூக்கிக்கொள்ளும். வினிகர்ப் பானையில் வாயுவே எழுவதில்லை. களிம்பிலிருந்து கரைந்த செம்பு அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட செம்பு அணுக்கள், தகட்டுச் செம்பைத் தாக்குகின்றன. உப்பும் நவச்சாரமும் தரும் குளோரைடு, பெயர்ந்த செம்பைக் கரைசலில் பிடித்து வைத்துக்கொள்கிறது. காற்றின் ஆக்சிஜன் களைத்துப்போன கரைசலை மீண்டும் புதுப்பிக்கிறது. மின்சுற்றுப் பலகைகளை அரிக்க இன்றைய தொழிற்சாலைகள் செம்புக் குளோரைடு கரைசலைப் பயன்படுத்துவதும் இதே வழிதான். அயனி என்ற சொல் பிறப்பதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, நாக்காலும் கண்ணாலும் பதம் பார்த்தே பட்டறைக்காரர்கள் இதைக் கண்டடைந்திருந்தார்கள்.

தகட்டை அமிலத்தில் மூழ்க வைக்காமல் ஊற்றியதன் பொருளும் இதில் விளங்கும். சாய்ந்த பலகையில் தகட்டை நிறுத்தி, கீழே அமிலம் ஊறாத பூச்சு கொடுத்த தொட்டியை வைத்து, கிண்ணத்தால் மேலிருந்து ஊற்றுவார்கள். தொட்டியில் விழுந்ததை மீண்டும் அள்ளி ஊற்றுவார்கள். கரைசல் மெல்லிய படலமாகக் காற்றில் வழிந்து வருவதால் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது. கோட்டுக்குள் தேங்கும் பழைய கரைசலும் கழுவிப்போகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை தகட்டைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வழியும் திசையில் இருக்கும் கோடுகள் மட்டும் ஆழமாகும். விளிம்பும் முதுகும் கொழுப்புக் கலவையால் மூடியிருக்க வேண்டும். ஆழம் போதுமா என்று தெரிய, முக்கியமில்லாத மூலையில் கரித்துண்டால் கொஞ்சம் வார்னிஷைத் தேய்த்தெடுத்துப் பார்ப்பார்கள்.

இனிதான் பொஸின் மூளை வேலை செய்யும் இடம். முதல் ஊற்றலுக்குப் பின் தகட்டைக் கழுவி உலர்த்தி, படத்தில் மிகத் தொலைவில் இருப்பவற்றை, அதாவது மலை, வானம், பின்கட்டடம் ஆகியவற்றை, எண்ணெயும் கொழுப்பும் சேர்த்து உருக்கிய கலவையைத் தூரிகையால் தொட்டு மூடிவிடுவார். அவை அத்தோடு நின்றுவிடும், வெளிர்ந்தே அச்சாகும். அடுத்த ஊற்றலுக்குப் பின் இடைநிலையில் உள்ளவற்றை மூடுவார். கடைசிவரை திறந்திருப்பவை முன்னால் நிற்கும் உருவங்களும் அவற்றின் நிழல்களும். எது எத்தனை நேரம் அமிலத்தில் இருக்கிறதோ, அது அத்தனை கிட்டத்தில் வருகிறது. முடிந்ததும் வில்லோ மரக்கரியும் தண்ணீரும் கொண்டு தேய்த்தால்தான் கடின வார்னிஷ் அகலும்.

தூரத்துக்கு ஓர் அளவுகோல்

1640-களின் தொடக்கத்தில் பொஸ், லியோன் நகரக் கணித மேதை ழிரார் தெசார்க்கின் (1591–1661) மாணவராகவும் தோழராகவும் ஆனார். தெசார்க்கின் எழுத்து சுருக்கமானது, கடினமானது. கல்தச்சர்களும் ஓவியர்களும் படித்தால் புரியாது. அதைத் தொழிலாளர் மொழியில் விரித்துப் படம் போட்டுக் கொடுக்கும் பொறுப்பைப் பொஸ் எடுத்துக்கொண்டார். 1643-இல் கட்டடக் கல்லை வெட்டும் முறை, சூரியக் கடிகாரம் அமைக்கும் முறை பற்றிய நூல்கள். 1648-இல் காட்சிக்கோணம், அதாவது தூரத்தைத் தட்டையான படத்தில் காட்டும் வரைமுறை, பற்றிய பெருநூல். இரண்டு முக்கோணங்கள் பற்றிய, தெசார்க் தேற்றம் என்று இன்று கணிதம் படிப்பவர்கள் எல்லோரும் கற்கும் தேற்றம் முதலில் அச்சானது இந்த 1648 நூலில்தான்.

தெசார்க்கின் காட்சிக்கோண முறையின் சிறப்பு, படத்துக்கு வெளியே எங்கோ இருக்கும் மறைபுள்ளிகளை, அதாவது இணைகோடுகள் தூரத்தில் சேர்வதுபோல் தோன்றும் இடங்களை, தேடி நூல் கட்ட வேண்டியதில்லை என்பது. இரண்டு அளவுகோல்கள் போதும்: அகலத்துக்கு ஒன்று, தொலைவுக்கு ஒன்று. கண்ணுக்கும் படத்தளத்துக்கும் இடைவெளி 10 அடி என்று வையுங்கள். படத்தளத்துக்கு 10 அடி பின்னால் நிற்கும் ஆள் பாதி உயரம் தெரிவார். 20 அடி பின்னால் நின்றால் மூன்றில் ஒன்று. 30 அடி என்றால் நான்கில் ஒன்று. இந்த வரிசையைப் படத்துக்குள்ளேயே வரைந்துகொண்டால் எல்லாம் தானாக இடம்பிடிக்கும்.

பொஸ் இதோடு நிற்கவில்லை. தொலைவு கூடும்போது உருவம் சிறுப்பதற்கு விதி இருப்பதுபோல், நிறம் வெளிறுவதற்கும் கோடு மெலிவதற்கும் விதி இருக்க வேண்டும் என்று வாதிட்டார். தகட்டில் தூரத்தை முதலில் மூடி, கிட்டத்தைக் கடைசிவரை அமிலத்தில் விட்ட அதே கைதான் இதை எழுதியது. தெசார்க்கின் தொலைவு அளவுகோலும் பொஸின் ஊற்றல் வரிசையும் ஒரே கணக்கின் இரண்டு வடிவங்கள் என்றே இதைப் படிக்க வேண்டும். ஒன்று கோட்டில், மற்றது நேரத்தில்.

படங்கள்

1633-இல் நகரத்துத் திருமணம், கிராமத்துத் திருமணம் என்று இரண்டு தொடர்கள். அதே ஆண்டு சரிகை ஆடைகளைத் தடுத்து அரசாணை வந்தபோது, எளிய உடுப்புக்கு மாறிய அரசவைக்காரரையும், அவருடைய ஆடம்பர உடைகளை எடுத்து வைக்கும் பணியாளையும் வரைந்தார். ஊதாரி மைந்தன், ஞானமுள்ள கன்னியரும் அறிவிலாக் கன்னியரும் போன்ற விவிலியக் கதைகளைக்கூட அவர் பாரிஸ் வீட்டு அறைகளில், அன்றைய உடையில்தான் நடத்துகிறார். 1638 வாக்கில் நீதிமன்ற அரண்மனையின் கடைவீதி: ஒரு கடையில் புத்தகம், அடுத்ததில் விசிறியும் கையுறையும், அதற்கடுத்ததில் சரிகை. செருப்புத் தைப்பவர், பலகாரம் சுடுபவர், ரத்தம் எடுக்கும் மருத்துவர், கருணை மருத்துவமனையின் கட்டில் வரிசை என்று நீள்கிறது பட்டியல்.

தொழிலை அறிய விரும்புபவருக்கு இரண்டு படங்கள் போதும். 1643-இல் வந்தது, உளிக்காரரும் அமிலக்காரரும் ஒரே பட்டறையில் வேலை செய்வதைக் காட்டுகிறது. சன்னலில் எண்ணெய்த்தாள் ஒட்டிய சட்டம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். நேர் வெயில் செம்பில் பட்டுக் கண்ணைக் கூசவைக்காமல் ஒளியைப் பரப்ப அது. 1642-இல் வந்தது அச்சகம். ஒருவர் சூடாக்கிய தகட்டில் துணிப்பந்தால் மை ஏற்றுகிறார். ஒருவர் உள்ளங்கையால் துடைக்கிறார். மூன்றாமவர் சக்கரம் போன்ற குறுக்குக் கைகளைப் பற்றி, காலை ஊன்றி முழு உடலாலும் இழுக்கிறார். மேலே கயிறுகளில் ஈர அச்சுப்படிகள் தொங்குகின்றன. தகட்டைச் சூடாக்குவது, காய்ச்சிய வால்நட் எண்ணெயில் அரைத்த கெட்டி மை இளகிக் குழிக்குள் இறங்க. தாளை நனைப்பது, அது குழிக்குள் வளைந்து போய் மையை எடுத்துவர. உருளைக்கும் தாளுக்கும் நடுவே கம்பளித் துணி வைப்பது, அழுத்தம் எங்கும் சமமாகப் பரவ. கடைசித் துடைப்பைத் துணியால் செய்தால் அது குழியிலிருந்தும் மையை உறிஞ்சிவிடும், அதனால்தான் உள்ளங்கை.

1651-இல் லண்டனில் வெளிவந்த, ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹாப்ஸின் லெவியத்தான் என்ற அரசியல் நூலின் முகப்புப் படமும் பொஸின் கைவேலை என்றே கருதப்படுகிறது. ஹாப்ஸ் அப்போது பாரிஸில்தான் அடைக்கலம் புகுந்திருந்தார். நூற்றுக்கணக்கான மனிதர்களால் ஆன உடலோடு, ஒரு கையில் வாளும் மறுகையில் ஆயர் கோலும் ஏந்தி, மலைக்குப் பின்னாலிருந்து எழும் அரசன். அந்தச் சிறு மனிதர்கள் எல்லோரும் நமக்கு முதுகைக் காட்டி, அரசனை நோக்கி நிற்கிறார்கள்.

கழகத்தின் கதவு

1648-இல் பாரிஸில் அரச ஓவிய, சிற்பக் கழகம் தொடங்கியபோது காட்சிக்கோணம் கற்பிக்கப் பொஸை அழைத்தார்கள். 1651-இல் கௌரவ உறுப்பினராக்கினார்கள். அதே ஆண்டு லியொனார்தோவின் ஓவிய நூல் பிரெஞ்சில் வந்தது. கழகம் அதைத் தன் பாடநூலாக்க விரும்பியது. அதில் விதி ஒழுங்காக இல்லை, பிழைகள் மலிந்திருக்கின்றன என்று பொஸ் சொன்னார். அந்த நூலுக்கு உருவங்கள் வரைந்து கொடுத்த ஓவியர் பூசேனுக்கே எழுதிக் கேட்டார். அதிலுள்ள நல்லவற்றை எல்லாம் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிவிடலாம் என்று பூசேன் பதிலெழுதினார். பொஸ் அந்தக் கடிதத்தை 1665-இல் தன் நூலொன்றில் அச்சிட்டார்.

கழகத்தின் தலைமைப் பலம் ஓவியர் ஷார்ல் லெ பிரன் கையில் இருந்தது. ஓவியனின் கண்ணும் தீர்ப்பும்தான் முதன்மை, வடிவியல் அதற்குப் பணியாள் என்பது அவர் பக்கம். கண் ஏமாறும், அளவுகோல் ஏமாறாது என்பது பொஸ் பக்கம். 1660-இல் லெ பிஷர் என்ற உறுப்பினர் லெ பிரனுக்குக் காணிக்கையாக ஒரு காட்சிக்கோண நூல் வெளியிட்டார். அது தெசார்க்கிடமிருந்து களவாடியது என்று பொஸ் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். 1661-இல் கழகம் அவரை வெளியேற்றியது. அவர் தனியாகப் பள்ளி நடத்த முயன்றார், அதையும் தடுத்தார்கள். பொஸ் விட்டுக்கொடுக்கத் தெரியாதவர் என்பது அவர் துண்டுப் பிரசுரங்களின் தொனியிலேயே தெரிகிறது. ஆனால் கேள்வி நியாயமானது: கற்பிக்கும் இடத்தில் விதியைச் சொல்ல முடியாதென்றால், எதைக் கற்பிப்பது?

இதற்கிடையே 1660-இல் தென்மேற்குப் பிரான்சின் சேன் ழான் த லூஸ் ஊரில் பிறந்த அரசாணை, செதுக்கோவியம் எந்தத் தொழிற்குழுவுக்கும் கட்டுப்படாத சுதந்திரக் கலை என்று அறிவித்தது.

1645 நூல் அவரை விட்டுத் தன்பாட்டில் பயணம் போனது. 1652-இல் நூரன்பர்கில் ஜெர்மன் மொழியில், 1662-இல் ஆங்கிலச் செதுக்கோவியர் ஃபெய்த்தோர்ன் வழியாக ஆங்கிலத்தில். 1745-இல் பிரெஞ்சுச் செதுக்கோவியர் கொஷேன் அதைத் திருத்தி விரித்துப் பதிப்பித்தார். அதற்குள் கடின வார்னிஷ் வழக்கொழிந்து வந்தது. சுடும் சிரமம், பொரிந்து உதிரும் அபாயம், திருத்த இடம் தராத இறுக்கம் ஆகியவற்றால் பட்டறைகள் மென் வார்னிஷுக்கே போய்விட்டன. ஊற்றல் வரிசையும், மூடித் தடுக்கும் கலவையும், தகட்டைத் துலக்கும் கற்களின் ஒழுங்கும் நின்றன.

ஓவியக் கழகம் கைவிட்ட பின், அரச அறிவியல் கழகம் பொஸுக்கு வேலை கொடுத்தது: செடிகளை ஒவ்வொன்றாகத் தகட்டில் வெட்டுவது. வேர், தண்டு, இலை, பூ, விதை என்று வெற்றுத் தாளில் ஒரே செடி. அங்கே மலை இல்லை, தூரம் இல்லை, முதலில் மூட வேண்டியது எதுவும் இல்லை. இலை நரம்பு தண்டில் தடித்துத் தொடங்கி நுனியில் மெலிவதற்கு எஷோப்பின் முட்டைமுகம் ஒன்றே போதும். 1676 பிப்ரவரியில் பாரிஸில் அவர் இறந்தார். அதே ஆண்டு அந்தச் செடிகள் நூலாக வந்தன.